எதிர்பாரம்

சாவியைத் திருப்பும்போதே சொல்லியிருக்கலாம். பவுனம்மா அக்கா வலப்பக்கப் படியில் ஏறி, ஒரு கையால் கூண்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கூரைத் தகரத்தில் தட்டி, "போலாம் பாப்பா" என்றார். அந்தத் தட்டலுக்கும் இன்ஜின் பிடிப்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருந்தது. ஒரு வாக்கியம் தாராளமாக நுழையும். அக்கா, இறங்கிக்குங்க. இரண்டே சொல். எண்ணிப் பார்த்தேன், எண்ணிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் பிடித்துவிட்டது, இனிமேல் கத்தித்தான் சொல்ல வேண்டும், எனக்குக் கத்த வராது. காலேஜில் வைவாவின்போது பதில் தெரிந்தும் வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறேன், எதிரில் இருந்த மேடம் பேனாவை மூடிவிட்டு, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லும்மா என்றார், அதையும் சொல்லவில்லை. சரி, பம்ப் ஹவுஸ் வளைவில் சொல்லலாம். அங்கே எப்படியும் வேகம் குறையும், சத்தமும் குறையும். பதினேழாம் நம்பர் காட்டிலிருந்து கீழே லாரி நிற்கிற ஷெட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம், நடுவில் பாதை சரிந்த இடத்துக்குப் பத்து நிமிஷம். பத்து நிமிஷத்தில் இரண்டு சொல். மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆகிறது, தேயிலைச் செடிகளின் மேல் தண்ணீர் இன்னும் உதிராமல் நிற்கிறது, பின்னால் தட்டில் நான்கு மூட்டை ஈரக் கொழுந்து, அதன் பச்சை வாசனை சூடாகிக்கொண்டே கழுத்தில் வந்து மோதுகிறது, பக்கத்து சீட்டில் லூர்துமேரி அக்கா மடியில் மூன்று டிபன் கேரியரோடு, வெற்றிலை மணக்க. ஃபர்ஸ்ட் கியர். மெதுவாக. ஈரமண் சக்கரத்துக்குக் கீழே அப்பளம் மாதிரி நொறுங்காது, அது வேறு மண், இது வழுக்கி வழுக்கிப் பிடிக்கிற மண், பிடிக்கும் என்று நினைக்கும்போது வழுக்கும்.

இந்த வண்டிக்கு எஸ்டேட்டில் தவளை என்று பெயர். பச்சை நிறம், நான்கு தடித்த சக்கரம், கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது, மேலே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு, முன்னால் துருத்திக்கொண்டு இரண்டு விளக்கு. ஜீப்பும் டிராக்டரும் ஏறாத ஒற்றையடிப் பாதையில் இது ஏறும், அதற்காகவே யாரோ வெளிநாட்டில் செய்தது, அதனால் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிறது. இறங்கும்போது பள்ளம் இடப்பக்கம். ஆக, பள்ளத்தின் ஓரத்தில் நான், நடுவில் கியர், அந்தப் பக்கம் லூர்து அக்கா, அவருக்கும் அந்தப் பக்கம், வண்டிக்கு வெளியே, மேட்டை ஒட்டி, ஒரு சாண் அகலப் படியில் பவுனம்மா அக்கா. இங்கிருந்து பார்த்தால் அவர் முழுதாகத் தெரிவதில்லை. குழாயைச் சுற்றிய நான்கு விரல், கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த நகம், தலையில் கட்டிய நீலப் பிளாஸ்டிக் தாளின் ஒரு நுனி. வண்டியோடு ஒரு தடித்த புத்தகம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் யாரும் தொடவில்லை, நான் என் அறைக்குக் கொண்டுபோய் இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். முதல் இருபது பக்கம் முழுக்கச் செய்யாதே, செய்யாதே. படங்களில் இருந்தவர்களுக்கு முகமே இல்லை, உருண்டைத் தலையும் உருளைக் கையுமாக இருந்தார்கள், ஒருவன் காலை வெளியே நீட்டியிருந்தான், ஒருவன் பின் தட்டில் உட்கார்ந்திருந்தான், ஒருவன் படியில் தொங்கினான், மூவர் மேலும் சிவப்பாகக் குறுக்குக் கோடு. சேலை கட்டி முந்தானையை இடுப்பில் செருகிய ஒருத்தி அதில் இல்லை, ஆகவே இது நமக்கு இல்லை என்று யாரும் நினைத்தால் தப்புச் சொல்ல முடியாது. அதே படம் வண்டியின் முன்பக்கமும் ஒட்டியிருக்கிறது. ஆயுத பூஜைக்குப் பட்டையாகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்ததில் அந்த முகமில்லாதவர்களின் தலை எல்லாம் மறைந்து, கால் மட்டும் வெளியே தெரிகிறது. இரண்டு சீட்டு, இரண்டு பெல்ட், அவ்வளவுதான் இந்த வண்டி. பெல்ட் போடாவிட்டால் கீச் கீச் என்று கத்தும் என்பதால் அதை சீட்டின் முதுகுக்குப் பின்னாலேயே மாட்டி வைத்திருந்தார்கள், வண்டியை ஏமாற்ற. நான் இதை ஓட்ட வந்த அன்று என்னுடையதை மட்டும் கழற்றி என் மேல் போட்டுக்கொண்டேன். லூர்து அக்கா பார்த்துவிட்டு, "என்ன மேடம், ஒட்டியாணம் எல்லாம் பலமா இருக்கு, மாப்பிள்ளை எப்ப வர்றாரு" என்றார். நான் சிரித்தேன். உங்களுடையதையும் கழற்றிப் போட்டுக்குங்க என்று சொல்லியிருக்க வேண்டும். சிரித்தேன்.

பம்ப் ஹவுஸ் வந்துவிட்டது. வேகம் குறைந்தது, சத்தமும் குறைந்தது, நான் வாயைத் திறந்தேன், அதற்குள் லூர்து அக்கா வெளியே எட்டி, "யக்கா, நேத்து கேட்டியா எங்கூட்டுக் கூத்த" என்று ஆரம்பித்துவிட்டார். பவுனம்மா அக்கா வெளியிலிருந்து, "உங்கூட்டுல கூத்து இல்லாத நாள் எது, அத மொதல்ல சொல்லு" என்றார். "குக்கருக்குப் புது வெயிட்டு வாங்கியாந்தாரு பாத்துக்க, கடைத்தெருவுல. அது விசிலே அடிக்க மாட்டேங்குது. பருப்பு தீயுது. நா சத்தம் போட்டேன்னு, இவரு அடுப்புகிட்ட மணைய போட்டு ஒக்காந்துகிட்டு, மணியப் பாத்து, அவரே விசில் அடிக்காரு. மூணு விசில். அடிச்சிட்டு, எறக்குடிங்காரு." பவுனம்மா அக்கா சிரிப்பது குழாய் வழியாக என் கைக்கு வந்தது, அப்படி அதிர்ந்தது. "உம் புருசனுக்கு ஆவி எங்கிட்டு வருதுன்னு பாத்தியா" என்று அவர் கேட்க, லூர்து அக்கா மடியில் இருந்த கேரியர்கள் கலகலவென்று ஆடின. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே வளைவைத் திருப்பினேன். இப்படிச் சிரிக்கிற இரண்டு பேரிடம் நடுவில் புகுந்து இறங்குங்கள் என்று எப்படிச் சொல்வது, கல்யாண வீட்டில் ஃபேனை நிறுத்துகிற மாதிரி. அருள்தாஸ் அண்ணன் இந்த வண்டியை ஓட்டியபோது இவர்கள் இப்படிப் பேசிச் சிரித்ததில்லையாம். லூர்து அக்காவே சொன்னார், அவன் முன்னால முந்தானைய இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு ஒக்காரணும், இப்ப நம்ம வண்டி மேடம் இது. நம்ம வண்டி. அருள்தாஸ் அண்ணன் திருப்பூருக்குப் போன பிறகு, மேனேஜர் ஆபீஸ் வராந்தாவில் நின்று, யாருக்காவது நான்கு சக்கரம் ஓட்டத் தெரியுமா என்று கேட்டபோது, என் கை தூக்கிக்கொண்டது. நான் தூக்கவில்லை, அது தூக்கிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் தூக்காத கை. ஃபீல்ட் அசிஸ்டென்டாக வந்து ஐந்து மாதம், யாரோடும் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத பெண், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் முதல் நடை இறங்கும்போது லயத்துத் தொழிலாளர் வீடுகளின் வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். பவுனம்மா அக்கா மட்டும் படியில் ஏறி நின்று, ஊர்வலம் வருகிற மாதிரி, நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்தப் படிக்கு இங்கே ஒரு பெயர் இருக்கிறது, அல்லது அங்கே நிற்கிறவருக்கு. எதிர்பாரம். மூன்று வருஷத்துக்கு முந்தைய மழையில் பாதையின் ஓர் அறுபது அடி பள்ளத்துக்குள் போய்விட்டது. மேட்டை வெட்டிப் புதுப் பாதை போட்டார்கள், ஆனால் அது மட்டமாக நிற்கவில்லை, பாத்திரத்தில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்குகிற மாதிரி, போகிற எல்லாவற்றையும் பள்ளத்துப் பக்கம் ஒதுக்கும். வண்டி இடப்பக்கம் சாய்கிறது என்றால், வலப்பக்கம் ஓர் ஆள் ஏறி நின்று உடம்பை வெளியே தள்ளித் தொங்கினால் சரியாகிவிடும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். ஓடையைத் தாண்டியதும் அருள்தாஸ் அண்ணன் வண்டியை நிறுத்தி, எதிர்பாரம் யாரு என்று கேட்பாராம். ஒல்லியாக இருந்தால் பாரம் போதாது, கனமாக இருந்தால் படி தாங்காது, பயந்தவளாக இருந்தால் உள்பக்கம் ஒட்டிக்கொள்வாள், அதனால் பவுனம்மா அக்காதான். மூன்று வருஷமாக. இப்போதெல்லாம் கேட்பதும் இல்லை, காட்டிலேயே ஏறி நின்றுவிடுகிறார். புத்தகத்தில் இருப்பதை வைத்து இதை மூடத்தனம் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு சுலபமாக இருக்கும். ஆனால் நான் தாளில் போட்டுப் பார்த்தேன். வண்டியின் அகலம், சாய்வு, அவர் எடை ஒரு ஐம்பது கிலோ, வெளியே தொங்குகிற தூரம். கணக்கு அவர்கள் பக்கம்தான் நிற்கிறது. அவர் நின்றால் வண்டி கவிழ்வது கொஞ்சம் கஷ்டம். கொஞ்சம். அதையும் மீறிக் கவிழ்ந்தால், உள்ளே பெல்ட்டோடு இருக்கிறவளை இந்தக் கூண்டு காப்பாற்றும். வெளியே நிற்கிறவரைக் கவணில் வைத்த கல் மாதிரி வண்டியின் தலைக்கு மேலே எறியும், அவர் பள்ளத்தில் முதலில் விழுவார், வண்டி பிறகு அவர் மேல். கவிழவே வேண்டாம், மேட்டில் துருத்திக்கொண்டிருக்கும் பாறைக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு முழம்தான் இருக்கிறது, சக்கரம் அந்தப் பக்கம் வழுக்கினாலே போதும். கணக்கில் இதற்கெல்லாம் எண் போட முடியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன். தாளை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தேன், அங்கே வைத்தால் சரியாகிவிடும் என்பது போல.

வலது சக்கரம் ஒரு வேரில் ஏறி இறங்கியது. என் இடது கணுக்கால் உடனே வலித்தது, வேர் இருந்தது வலப்பக்கம், வலி இடப்பக்கம், உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. போன வியாழக்கிழமை. அன்றைக்கு எதிர்பாரம் இல்லை, மூட்டை இல்லை, யாருமே இல்லை, காலி வண்டியைக் கீழே கொண்டுபோய்க் கழுவலாம் என்று தனியாக இறங்கினேன். சரிந்த இடத்தில் பாதி தூரம் போனதும் வலது முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறியது. ஒரு பலாப்பழ அளவுக் கல், முந்தைய நாள் இருந்ததா என்று தெரியாது. வலப்பக்கம் எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. எனக்குப் புத்தகத்தின் அந்தப் பக்கம் அப்படியே கண்ணில் தெரிந்தது: வண்டி சாய்ந்தால் பள்ளத்தைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும், கையும் காலும் கூண்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் மூலையில் ஒட்டியிருந்த எண்ணெய்க் கறை கூடத் தெரிந்தது. அதற்குள் என் இடது கால் வெளியே போய்விட்டது. ஊன்ற. எழுநூறு கிலோ இரும்பை ஊன்றித் தாங்க. உடுமலையில் அப்பா எனக்கு ஸ்கூட்டி பழக்கியபோது, நகராட்சி மைதானத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார், சாயுதும்மா, காலை ஊணு, காலை ஊணு. ஒரு மாதம் அதையே கேட்டுக் கேட்டு, சாய்ந்தால் கால் போகும் என்று உடம்பில் பதிந்துவிட்டது. ஆறு வருஷம் ஸ்கூட்டி ஓட்டினேன், ஒருதடவை கூட விழவில்லை, அந்தக் கால்தான் காப்பாற்றியது. அதே கால் அன்றைக்கு வெளியே நீண்டு, சேற்றில் பட்டு, வண்டி அதன் மேல் இறங்க ஆரம்பித்து, விளிம்பு கணுக்காலைத் தொட்டு அழுத்தி, பிறகு ஏனோ, நான் ஒன்றும் செய்யாமல், கல் சேற்றில் புதைந்துகொண்டதால் இருக்கலாம், வண்டி தானாகப் பழைய நிலைக்கு விழுந்தது. செருப்பு வார் அறுந்து கிடந்தது. ஒரு பறவை எங்கேயோ விடாமல் கத்திக்கொண்டிருந்தது. நான் பெல்ட்டைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை. வீக்கத்தைப் பார்த்தவர்களிடம் அட்டை கடித்ததைச் சொறிந்துவிட்டேன் என்றேன். லூர்து அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "அட்டைக்கு இம்புட்டுப் பெரிய வாயா மேடம்" என்றார், அதோடு விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை காலை மறுபடி சரிந்த இடத்துக்கு வந்தபோது படியில் பவுனம்மா அக்கா இருந்தார். என் மூச்சு சீராக இருந்தது.

இதோ, இங்கேதான் நான் ஒவ்வொரு நாளும் வேறு எதையாவது நினைக்க ஆரம்பித்துவிடுவேன். மூச்சு ஏன் சீராக இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள், சொன்னால் பொம்பளைக்கு வண்டி எதற்கு என்பார்கள், சொன்னால் வியாழக்கிழமையைச் சொல்ல வேண்டி வரும், மேனேஜர் சாவியை வாங்கிக்கொள்வார், நம்ம வண்டி நம்ம வண்டியாக இருக்காது, இத்தனை காரணத்தையும் ஐந்து நாளாக அடுக்கிக்கொண்டு வருகிறேன். எல்லாம் உண்மைதான். அடுக்கின் அடியில் இன்னொன்று கிடக்கிறது. அவர் அங்கே நின்றால் எனக்குப் பயமில்லை. கணக்கு போட்டு வேறு பார்த்துவிட்டேன், அவர் நின்றால் கவிழ்வது கொஞ்சம் கஷ்டம் என்று. அந்தக் கொஞ்சம் எனக்கு வேண்டியிருந்தது. பெல்ட் என் மேல், கூண்டு என்னைச் சுற்றி, அதுவும் போதாமல் வெளியே ஐம்பது கிலோவுக்கு ஒரு மனுஷி, எனக்காகத் தொங்கிக்கொண்டு, குக்கர் விசிலுக்குச் சிரித்துக்கொண்டு. கூச்சம் என்று இதற்குப் பெயர் வைத்திருந்தேன். அம்மா சொல்வாள், எங்க சுகிர்தாவுக்குக் கூச்சம் ஜாஸ்தி, யாரையும் ஒரு வேலை சொல்ல மாட்டா. வேலை சொல்லவில்லை, சரி. வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஓடை வந்துவிட்டது. தண்ணீர் சக்கரத்தில் பாதி வரை ஏறி, அடியில் கூழாங்கல் உருளும் சத்தம், பின் மூட்டை ஒன்று நகர்ந்து தட்டின் பக்கவாட்டில் இடித்தது. பவுனம்மா அக்கா சேலையை இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டார், குழாயில் ஒற்றைக் கையின் விரல்கள், பிறகு இரண்டு கை. உடம்பை வெளியே தள்ளத் தயாராகிறார். விரல் முட்டிகள் வெளுத்துவிட்டன. இத்தனை நாள் இந்த விரல்களைப் பார்த்திருக்கிறேன், முட்டி வெளுப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன், அல்லது இன்றைக்குத்தான் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். பயமில்லாமல் பிடித்திருப்பவருக்கு முட்டி வெளுக்காது.

பிரேக். நியூட்ரல். ஹேண்ட் பிரேக். சாவி. இன்ஜின் நின்றதும் காதுக்குள் பஞ்சு எடுத்த மாதிரி காட்டின் சத்தமெல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. லூர்து அக்கா, "என்ன மேடம், ஆஃப் ஆயிருச்சா" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். சரிந்த இடம் இருபதடி முன்னால், சிவப்பாக, ஈரத்தில் மினுங்கிக்கொண்டு. இரண்டு சொல்தான். நான் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், "அக்கா, இறங்கிக்குங்க." யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். லூர்து அக்கா, "நானா" என்றார். "ரெண்டு பேரும். இதை மட்டும் நடந்து வந்துருங்க. நான் வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தறேன்." பவுனம்மா அக்கா குனிந்து கூண்டுக்குள் முகத்தை நுழைத்தார். கன்னத்தில் ஓர் இலைத்துணுக்கு ஒட்டியிருந்தது. "எதிர்பாரம் இல்லாம எப்படி பாப்பா போவ. கவுந்துரும்." "கவுந்தா நான் உள்ள இருப்பேன். பெல்ட் இருக்கு, கம்பி இருக்கு. நீங்க வெளிய இருக்கீங்க." "மூணு வருசமா வெளியதான் இருக்கேன். அருள்தாஸு ஒருநா இப்படிச் சொன்னதில்ல." "அருள்தாஸ் ஆம்பள, அவனுக்குத் தெகிரியம் இருந்துச்சு," என்றார் லூர்து அக்கா, விளையாட்டாகத்தான், என்றாலும் கொஞ்சம் நிஜமாகவும், "மேடம், மேல இருந்து பொழுதன்னைக்கும் நாலு பேரு பாப்பாங்க. பொம்பள வண்டிய ஓட்டத் தெரியாம நம்மள எறக்கி நடக்க விட்டான்னு லயம் பூரா சொல்லுவாளுக." சொல்வார்கள். இன்றைக்குச் சாயங்காலமே சொல்வார்கள். எனக்குக் காது சுட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது, ஸ்டியரிங்கின் நடுவில் இருந்த திருகாணியைப் பார்த்துக்கொண்டேன், அதில் ஒரு துளி துரு. "வியாழக்கிழமை கவுந்துட்டேன்," என்றேன். கவிழவில்லை, ஆனால் அப்படித்தான் வந்தது. "கவுறப் போச்சு. நான் மட்டும்தான் இருந்தேன். காலை வெளிய ஊணிட்டேன். இது அட்டைக்கடி இல்லை." சுடிதாரைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன். பச்சையும் மஞ்சளுமாக மாறிக்கொண்டிருந்தது. "அன்னைல இருந்து உங்களை வெளிய நிக்க வெச்சுட்டு ஓட்டறேன். நீங்க நின்னா எனக்குப் பயம் இல்லை. அதனால சொல்லலை." இவ்வளவு நீளமாக நான் இந்த மலையில் யாரிடமும் பேசியதில்லை. லூர்து அக்கா கேரியர்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பவுனம்மா அக்கா கணுக்காலையே பார்த்தார். பிறகு முகத்தை வெளியே எடுத்துக்கொண்டார், எனக்கு மறுபடி விரல்கள் மட்டும் தெரிந்தன, குரல் கூரைக்கு மேலிருந்து வருவது போல வந்தது. "எனக்கு மட்டும் என்ன, ஆசையா இங்கிட்டுத் தொங்கணும்னு. பயந்தவ நின்னா ஓட்டுறவனுக்குக் கை நடுங்கும்னு சொன்னானுக. அதான் பயப்படாத மாதிரி நிக்கேன். அந்தப் பாறை வந்துச்சுன்னா வயித்த எக்கிக்கிருவேன்." வயிற்றை எக்கிக்கொள்வார். மூன்று வருஷமாக, ஒரு நாளைக்கு இரண்டு நடை. நான் சாவியைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன், ஓடை சலசலத்துக்கொண்டிருந்தது, இந்த மாதிரி மௌனத்தில் எப்போதும் நான்தான் முதலில் விட்டுக்கொடுப்பேன், ஏதாவது சரி சரி என்று முனகிவிட்டு எதிராளிக்கு வேண்டியதைச் செய்துவிடுவேன், இதோ அந்த சரி நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, பல்லை மூடிக்கொண்டேன். படி கிரீச்சிட்டது. வண்டி வலப்பக்கம் ஒரு விரற்கடை எழுந்தது. அவர் இறங்கிவிட்டார். "வா லூர்து. புள்ள சொல்லுது." லூர்து அக்கா கேரியர்களை சீட்டில் வைக்கப் போய், யோசித்து, எடுத்துக்கொண்டே இறங்கினார். "கவுந்தா சோறு மிஞ்சட்டும்," என்றார். யாரும் சிரிக்கவில்லை, பிறகு பவுனம்மா அக்கா சிரித்தார்.

அவர்கள் மேட்டை ஒட்டி, பாறையைப் பிடித்துப் பிடித்து, அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை நான் புறப்படவில்லை. வண்டிக்குப் பின்னாலோ கீழேயோ யாரும் இருக்கக் கூடாது, அதுவும் புத்தகத்தில் இருந்தது. பவுனம்மா அக்கா நடப்பதை முழுசாக அப்போதுதான் பார்த்தேன், ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறார், வண்டியில் நிற்கிற அதே சாய்வு. இன்ஜின். ஃபர்ஸ்ட். நான்கு சக்கரமும் இழுக்கிற பித்தானை அழுத்தினேன். இப்போது பக்கத்தில் வெற்றிலை மணம் இல்லை, குழாயில் விரல் இல்லை, பக்கத்து சீட்டு காலியாகக் கிடந்தது, வண்டி முழுக்க என் பயம் மட்டும், தாராளமாக, கால் நீட்டிக்கொண்டு. முன்சக்கரம் சிவப்பில் இறங்கியதும் வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது, எண்ணெய் ஒதுங்குகிற மாதிரி. பள்ளம் என் தோளுக்கு வெளியே திறந்து கிடக்கிறது, பார்க்காதே, பாதையைப் பார், அவசரப்படாதே, பிரேக்கைச் சட்டென்று மிதிக்காதே. பெல்ட் தோளில் இறுகியது. பத்தடி. இருபது. மூட்டைகள் பின்னால் ஒரு மூச்சு விட்டு நகர்ந்தன. அந்தக் கல் இருக்கிற இடம் வருகிறது, சேற்றில் பாதி புதைந்து, முதுகு மட்டும் தெரிகிறது, அதைச் சுற்றிப் போக இடம் இல்லை, இடப்பக்கம் போனால் விளிம்பு, ஏறித்தான் இறங்க வேண்டும். ஏறியது. வலப்பக்கம் எழுந்தது. தொடை இறுகியது, நான் இறுக்கவில்லை, சாயுதும்மா, கால் தரையிலிருந்து எழுந்துவிட்டது, ஓர் அங்குலம், காலை ஊணு, ஊன்றுகிறேன் அப்பா, இங்கேயே, இந்த ரப்பர் விரிப்பிலேயே, வண்டிக்குள்ளேயே ஊன்றுகிறேன், வைத்தேன், முழு பலத்தோடு அழுத்தினேன், கணுக்கால் வலி முழங்கால் வரை வந்தது, நல்லது, வலிக்கட்டும், உள்ளே இருக்கிறது. ஸ்டியரிங்கைக் கொஞ்சமாக, பள்ளத்தைப் பார்த்து, மனசு வேண்டாம் வேண்டாம் என்று கதற, இரண்டு விரற்கடை திருப்பினேன். சக்கரம் கல்லைவிட்டு இறங்கியது. கூண்டு ஒரு குலுக்குக் குலுங்கி நேரானது. நாற்பது. ஐம்பது. மண் மட்டமானது எனக்குத் தெரியவில்லை, பெல்ட் தளர்ந்ததால் தெரிந்தது. சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கப் பார்த்தேன், அது வரச் சற்று நேரமாயிற்று.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் இதில் இருக்கிற சங்கடம். வண்டி கவிழ்ந்து, படி இருந்த பக்கம் நசுங்கிக் கிடந்தால், பார்த்தீர்களா என்று சொல்லாமலே சொல்லியிருக்கும். லூர்து அக்கா மரத்தடிக்கு வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். செருப்பெல்லாம் சேறு. "ஒண்ணும் ஆகலையே மேடம். சும்மா நடக்க விட்டுட்டீங்க." "ஆமாங்க்கா," என்றேன். பவுனம்மா அக்கா மேட்டோரமாக வந்து, கை தானாகக் குழாயைப் பிடிக்க, கால் தானாகப் படிக்கு எழ, அந்தக் கால் பாதியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். இங்கிருந்து பாதை மட்டம்தான், ஷெட் கூப்பிடு தூரம், தொங்கிக்கொண்டு வந்தாலும் ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று எனக்கே நன்றாகத் தெரியும். "படியில வேண்டாங்க்கா. உள்ள உட்காருங்க. சீட்டு ஒண்ணுதான் இருக்கு." "அப்ப நானு," என்றார் லூர்து அக்கா. "நீங்க நடந்து வாங்க. நாளைக்கு நீங்க உட்காருங்க, அவங்க நடக்கட்டும்." "நாளைக்குமா." அவர் குரலில் இருந்தது கோபமா கிண்டலா என்று தெரியவில்லை, இரண்டும் இருந்தால் என்ன, நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் கையில் இருந்த கேரியரின் கொக்கியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், என்றாலும் இந்தத் தடவை ஒரே முறையில் எல்லோருக்கும் கேட்டது. "நாளைக்கும்." "மழையிலயுமா மேடம்." "மழையிலதாங்க்கா."